அப்பாவுக்கு ஹண்டிங்டன் நோய், வீட்டில் வருமானம் இல்லை: பிள்ளைகளை எப்படித் தாங்குவது?

கேள்வி: அக்கா குடும்பம் குமாரபாளையத்தில் இருக்கிறது. மாமாவுக்கு 43 வயது, விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். கை கால் தானாக ஆட ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையில் ஹண்டிங்டன் நோய் (மூளையைப் பாதிக்கும் பரம்பரை நோய்) என்று போன வருடம் உறுதியானது. அவருடைய அப்பாவும் இதே ஆட்டம் வந்துதான் இறந்தாராம். வேலை நின்று இரண்டு வருடமாகிறது. தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருக்கிறது. அக்கா நூல் சுற்றப் போகிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு, இருவரும் அரசுப் பள்ளி. மகள் எல்லா வேலையும் பார்த்துக்கொண்டு தைரியமாக இருக்கிறாள். பையன்தான் அடம் பிடிக்கிறான், படுக்கையை நனைக்கிறான். இவர்கள் மனம் உடையாமல் வளர என்ன செய்யலாம்?

பதில்:

பையனைவிடப் பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பையன் தன் பயத்தைப் பாயை நனைத்துக் காட்டிவிட்டான். அதனால் எல்லார் கண்ணும் அவன் மேல் இருக்கிறது. பெண் சத்தமில்லாமல் ஒரு பெரியவரின் வேலையைத் தூக்கிக்கொண்டாள், அதற்குத் "தைரியசாலி" என்ற பெயரும் வாங்கிவிட்டாள். அந்தப் பெயர் வந்த பிறகு அழுவதும் முடியாது, "என்னால் முடியவில்லை" என்று சொல்வதும் முடியாது. இப்படிப்பட்ட வீடுகளில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் அடம் பிடிக்கும் பிள்ளை இல்லை, இந்தப் பிள்ளைதான்.

தாங்கும் சக்தி சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும், சிலருக்கு இருக்காது என்றுதான் நாம் பேசுகிறோம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தவர் எம்மி வெர்னர். வறுமை, பெற்றோரின் நோய், வீட்டுச் சண்டை என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகள் அவர்களில் 201 பேர். அந்த 201-ல் 72 பேர் நன்றாகப் படித்து, வேலைக்குப் போய், நிதானமான பெரியவர்களாக வளர்ந்தார்கள். பிள்ளையின் சுபாவத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் வெளியிலிருந்து நம்மால் தரக்கூடியவையும் அந்த 72 பேரிடம் இருந்தன: பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லாத, மாறாமல் கூடவே நின்ற ஒரு பெரியவர், வயதுக்குத் தகுந்த அளவு பொறுப்பு, தனக்கென்று நன்றாக வரும் ஒரு காரியம். பதின்வயதில் தடுமாறிய பலரும் இருபது, முப்பது வயதுகளில், படிப்போ தொழிலோ இரண்டாவது வாய்ப்பாகக் கிடைத்தபோது எழுந்துகொண்டார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்தப் பிள்ளைகளின் மனசில் இல்லை. அவர்களுடைய நேரத்திலும், வீட்டுப் பணத்திலும், அவர்களிடம் சொல்லப்படும் வார்த்தையிலும் இருக்கிறது.

முதலில் நேரம். ஒரு வாரத்துக்கு, பெண் என்ன வேலை செய்கிறாள், எத்தனை நிமிடம் என்று ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். அவளை எழுதச் சொல்லாமல் நீங்களோ அக்காவோ எழுதுங்கள். தண்ணீர் பிடிப்பது, சமையல், தம்பியைக் கிளப்புவது, அப்பாவுக்கு ஊட்டுவது, ராத்திரி அவர் எழுந்தால் பின்னாலேயே போவது என்று எல்லாம் அதில் வரட்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கணக்கைப் பார்த்ததும் அம்மாவே அதிர்ந்துபோவார். பள்ளி நாளில் ஒரு மணி நேரத்துக்குள் அவள் வேலை முடிய வேண்டும் என்பது என் அளவுகோல். தட்டு வைப்பது, அப்பாவோடு தெருமுனை வரை நடப்பது, துணி மடிப்பது இவையெல்லாம் இருக்கலாம். அவரைக் குளிப்பாட்டுவது, கழிவறை வேலை, ராத்திரிக் காவல், அவர் கேட்கும் பீடியையோ பணத்தையோ மறைத்து வைக்கும் வேலை, யாரும் இல்லாதபோது தனியாகச் சோறு ஊட்டுவது, இந்த ஐந்தும் 14 வயதுப் பிள்ளைக்குக் கூடவே கூடாது. கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோயில் விழுங்கும் தசைகள் தடுமாறும், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். தான் ஊட்டிய வாய்ச் சோறு அப்பாவுக்கு அடைத்துக்கொண்டது என்ற நினைவை ஒரு பிள்ளை ஆயுளுக்கும் சுமக்க நேரும்.

அதனால் அப்பாவின் பராமரிப்பைச் சுலபமாக்குவதே பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி. தட்டின் அடியில் ஈரத் துண்டு விரித்தால் நகராது. டம்ளரில் பாதி மட்டும் ஊற்றுங்கள். வெறும் தண்ணீர்தான் அதிகம் புரையேறும், கொஞ்சம் கெட்டியான கஞ்சி பத்திரமாக இறங்கும். உதிரியான சோறும் பொரியும் வேண்டாம், குழைந்த பொங்கல், நன்றாக மசித்த பருப்புச் சோறு சரி. நிமிர்ந்து உட்கார வைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. சாப்பிடும்போது டிவி ஓடக் கூடாது, பேச்சும் வேண்டாம். உடல் ஓயாமல் ஆடுவதால் சக்தி கரைந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 3000 கலோரிக்கு மேல்கூடத் தேவைப்படலாம். அதனால் மூன்று வேளையை ஐந்தாக்கி, கஞ்சியில் வெல்லம், நிலக்கடலை மாவு, நெய் என்று கலந்து கொடுங்கள். கட்டிலில் இருந்து விழுவாரென்றால் தரையில் கனமான மெத்தை போட்டுவிடுங்கள். பெண்ணின் ராத்திரிக் காவல் அந்த ஒரு மாற்றத்திலேயே பாதி குறைந்துவிடும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள், யாராவது தானாகத் தேடி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பையனுக்குக் காலை உணவுத் திட்டம் இருக்கிறது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. காலையில் அவனுக்காக அடுப்புப் பற்ற வைக்க வேண்டிய அவசியமில்லை. அந்த நேரம் பெண்ணுக்குத் திரும்பக் கிடைக்கட்டும்.

இனி வார்த்தை. பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது என்று நினைக்காதீர்கள். அப்பா தள்ளாடி நடந்தால் தெருவில் "குடிகாரன்" என்கிறார்கள், அது பையன் காதில் விழாமல் இருக்காது. வீட்டில் காரணம் சொல்லாவிட்டால் பிள்ளை தானே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஒன்பது வயதில் அந்தக் காரணம் அனேகமாக "நான் சத்தம் போட்டதால்தான் அப்பா இப்படிக் கத்துகிறார்" என்பதாகத்தான் இருக்கும். அவனிடம் சொல்ல வேண்டியது மிகக் கொஞ்சம்: "அப்பாவுக்கு மூளையில் ஒரு நோய். அதன் பெயர் ஹண்டிங்டன். கை ஆடுவதும் திடீரென்று கோபம் வருவதும் அந்த நோயால்தான். நீ எதுவும் செய்து வந்ததில்லை, தொட்டால் ஒட்டாது. உன்னை நானும் சித்தியும் பார்த்துக்கொள்வோம்." ஐந்து நிமிடம் போதும். பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள், பெயரில்லாத நோய்தான் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்தும். பிறகு மாதம் ஒருமுறையாவது அவனாகக் கேட்க இடம் கொடுங்கள். படுக்கை நனைவதற்குத் திட்டுவதோ மற்றவர் முன் சொல்வதோ வேண்டாம். ராத்திரி படுக்குமுன் ஒருமுறை சிறுநீர் கழிக்க வையுங்கள், மலச்சிக்கல் இருந்தால் சரி செய்யுங்கள். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெண்ணிடம் பேசுவதற்குக் காலக்கெடு இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு அறிவியலில் மரபியல் பாடம் வரும். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது வரும் என்று கட்டம் போட்டு விகிதம் கணக்கிடுவது எல்லாம் கரும்பலகையில் வரும். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே ஆட்டம் என்று அறிந்த பெண், அந்த வகுப்பில் உட்கார்ந்தபடியே தன் கட்டத்தைத் தானே போட்டுப் பார்த்துவிடுவாள். நாற்பது பேர் நடுவில் தனியாக அவளுக்கு அது தெரியக் கூடாது. அதற்கு முன் நீங்களோ அக்காவோ, முடிந்தால் நரம்பியல் மருத்துவர் முன்னிலையில், சொல்லிவிடுங்கள்.

சொல்ல வேண்டிய உண்மை இதுதான். நான்காவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். 26 முறை வரை இயல்பு. 40-ம் அதற்கு மேலும் என்றால், இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வரும். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். அப்பாவிடம் அந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்று நல்லது, ஒன்று நீண்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒன்றுதான் போகும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது என்பதால் இன்னொன்று தப்பித்தது என்று ஆகாது. இரண்டு பேருக்கும் வராமலும் போகலாம். தலைமுறை தாண்டி ஒளிந்து வருவதும் இல்லை: நீண்ட பிரதி தன்னிடம் வராத பிள்ளை தன் பிள்ளைக்கு அதைக் கொடுக்க முடியாது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, ஒற்றைப் பிரதியே போதும். இதில் அக்கா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று உறவினர் கூடும் இடத்தில் ஒருமுறை உரக்கச் சொல்லிவிடுங்கள்.

"எனக்கும் வருமா?" என்று அவள் கேட்பாள். "வராதுடா கண்ணு" என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்லாதீர்கள். அது பொய் என்று கரும்பலகையில் தெரிந்த அன்றே நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் அவள் நம்பமாட்டாள். "வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. இப்போது உனக்கு அந்த நோய் இல்லை. 18 வயதுக்குப் பிறகு பரிசோதனை செய்துகொள்ளலாமா வேண்டாமா என்பது உன் முடிவு, வேறு யாரும் அதை எடுக்க முடியாது" என்று சொல்லுங்கள். 18 வயதுக்குள், அறிகுறி இல்லாத பிள்ளைக்கு முன்கூட்டிப் பரிசோதனை செய்வதில்லை. உலகம் முழுக்க மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் நெறி அது. காசு கொடுத்தால் ரத்தம் எடுத்துக்கொள்ளும் கூடங்கள் இருக்கலாம். உறவினர் யாராவது "பார்த்துவிட்டால் நிம்மதி" என்று கிளம்பினால் தடுங்கள். வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனைகளில் மரபணு ஆலோசனை இருக்கிறது. வயது வந்த பிறகு அங்கே போய்ப் பேசி, யோசித்து, வேண்டாம் என்று திரும்பி வந்தாலும் தவறில்லை. இதற்கு இன்னும் குணமாக்கும் மருந்து இல்லாததால் உலகில் இந்த ஆபத்துள்ளவர்களில் பெரும்பாலானோர் பரிசோதனை செய்துகொள்வதில்லை. ஆராய்ச்சி நிற்காமல் நடக்கிறது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். இந்த மரபணுவை 1993-ல் கண்டுபிடிக்க வழி திறந்தது வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரையில் வாழ்ந்த ஏழை மீனவக் குடும்பங்கள் கொடுத்த ரத்தம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் இவளைப்போலத்தான் அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

இன்னொன்றில் மிகக் கவனமாக இருங்கள். இந்த நோய் இருக்கும் குடும்பங்களில், யாருக்கு வரும் என்று வீட்டாரே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். "இவ அப்படியே அப்பா ஜாடை" என்ற ஒரு சொல் போதும். ஜாடைக்கும் இந்த மரபணுவுக்கும் சம்பந்தமே இல்லை. டம்ளர் கை தவறினால், படிக்கும்போது காலை ஆட்டினால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதும் அதே தீர்ப்புதான், பிள்ளை அதைக் கவனித்துவிடும். 20 வயதுக்குள் தொடங்கும் வகை உண்டு. அது அரிது, பெரும்பாலும் அப்பா வழியில், சிஏஜி தொடர் 60 முறைக்கு மேல் நீண்டவர்களுக்கு வரும். அதில் ஆட்டத்தைவிட உடல் இறுகுவது, மந்தமாவது, சிலருக்கு வலிப்பு என்று தெரியும். பல மாதமாக இப்படி ஏதாவது கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். மதிப்பெண் குறைந்தால் முதலில் தூக்கத்தையும் காலைச் சாப்பாட்டையும் பாருங்கள்.

அப்பாவின் கோபத்துக்கும் வழிமுறை வேண்டும். காத்திருக்க முடியாமை, ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பது, தனக்கு நோய் இருப்பதே தெரியாமை, எல்லாம் மூளையின் பாதிப்பு. வாதம் செய்தால் கூடும். சாப்பாடு, குளியல், வெளியே போவது தினமும் ஒரே நேரத்தில் நடந்தால் குறையும். சிறிய வாக்கியத்தில் பேசுங்கள், பதிலுக்கு நேரம் கொடுங்கள். ஆட்டத்துக்குத் தரும் டெட்ராபெனசின் மாத்திரை சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவரும். அழுகை, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு தொடங்கினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், இந்த நோயில் தற்கொலை ஆபத்து நிஜமானது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் பேசலாம். கை ஓங்கும் நாள் வந்தால் பையன் எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்து, ஒருமுறை நடத்தியே காட்டிவிடுங்கள். அரிவாள்மனையும் தீப்பெட்டியும் உயரத்தில் இருக்கட்டும், சிலிண்டர் வால்வு மூடியே இருக்கட்டும். அவர் சட்டைப்பையில் "எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, நரம்பு நோய். உதவிக்கு இந்த எண்ணை அழைக்கவும்" என்று எழுதி லேமினேட் செய்த அட்டை ஒன்றை வையுங்கள்.

பணத்தில் முதல் வேலை ஓட்டையை அடைப்பது. குணமாக்குகிறேன் என்று சொல்லும் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் தொடர்ந்து காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஆனால் அது உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான் பெரும்பாலும் உதவும், மாத மாத்திரைக்கு ஆகாது.

பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயன்படுவது மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவு: ஒரு குழந்தைக்கு மாதம் 4000 ரூபாய், 18 வயது வரை. பெற்றோர் கடும் நோயால் பிள்ளையைப் பார்க்க முடியாத குடும்பங்கள் இதற்குள் வரும். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குமாரபாளையம் நகராட்சி என்பதால் 96,000. நாமக்கல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். வருமானச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, நோயின் பெயரும் "வேலை செய்ய இயலாதவர்" என்ற வரியும் உள்ள மருத்துவர் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் விண்ணப்பம் தேங்கி நிற்கலாம். பணம் வர மாதங்கள் ஆகலாம், கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுங்கள். 2016-ம் ஆண்டுச் சட்டம் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பையும் சேர்த்திருக்கிறது. முகாமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கும்போது அவர் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், சதவீதம் குறைந்துவிடும். வீட்டில் அவர் நடப்பதையும் சாப்பிடுவதையும் சட்டைப் பொத்தான் போட முயல்வதையும் இரண்டு நிமிடக் காணொளியாக எடுத்துக்கொண்டு போங்கள். மாநில அரசின் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு, பாதிப்பின் வகையையும் சதவீதத்தையும் பார்ப்பார்கள்.

முன்பணக் கடன்தான் எனக்குப் பெரிய பயம். "பொண்ணை அனுப்புங்க, கழிச்சுக்கலாம்" என்று ஒருநாள் கேட்பார்கள். கடனுக்காக ஆளை வேலைக்குப் பிடித்து வைப்பது 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அப்பா வாங்கிய கடனுக்குப் பிள்ளையின் உழைப்பு ஈடாகாது. பேச்சு எழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் செலவு கிடையாது. வீடோ நிலமோ இருந்தால், மாமாவுக்கு நிதானம் இருக்கும்போதே அதை எப்படிப் பாதுகாப்பது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், பின்னால் அவர் கையெழுத்தை யாரும் வாங்கிக்கொள்ளக் கூடாது. "விஷயம் வெளியே தெரியுமுன் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிடலாம்" என்ற பேச்சும் வரும். 18 வயதுக்கு முன் அது குற்றம். நோயை மறைத்துச் செய்யும் கல்யாணம் அவளை ஆயுளுக்கும் பயத்தில் வைக்கும். அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே இருக்கட்டும்: புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய், மருத்துவம் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு, இரண்டும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கிடைக்கும். இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இரண்டும் போய்விடும்.

வகுப்பாசிரியரிடம் அக்காவே போய்ச் சொல்லட்டும். முழுக் கதையும் வேண்டாம், "அப்பாவுக்குத் தீராத நரம்பு நோய், சில நாள் தாமதமாக வருவாள், எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள்" என்றால் போதும். பள்ளியில் அவளுக்குப் பிடித்தது எதுவோ, கோ-கோவோ கட்டுரையோ, அதை எந்த வீட்டு வேலைக்காகவும் நிறுத்தாதீர்கள். கூடவே நிற்கும் அந்த ஒரு பெரியவர் நீங்களாகத்தான் இருக்க முடியும் என்று தோன்றுகிறது. வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம் வாருங்கள். வந்து ஒரு வேலையும் சொல்லாமல் அவளோடு இரண்டு மணி நேரம் இருங்கள். எப்போதாவது வந்து நிறையப் பரிசு கொடுப்பதைவிட, சனிக்கிழமை என்றால் சித்தி வருவாள் என்பது பிள்ளைகளுக்குப் பெரிது.

மாமாவின் பேச்சு இன்னும் சில வருடங்களில் குழறும், பிறகு நின்றுபோகும். இப்போதே பதிவு செய்துவிடுங்கள். காலையில் சாப்பிட்ட பிறகு, களைப்பு இல்லாத நேரத்தில், ஒருமுறைக்குப் பத்து நிமிடம். தறியில் அறுந்த நூலை எப்படி முடிச்சுப் போடுவது, பையன் பிறந்த அன்று என்ன நடந்தது, பெண்ணுக்கு அந்தப் பெயர் ஏன் வைத்தார் என்று கேளுங்கள். கேள்வியைப் பிள்ளைகளே கேட்கட்டும். பதிவை இரண்டு அலைபேசியில் வைத்துவிட்டு, ஒரு மெமரி கார்டில் ஏற்றி உங்கள் வீட்டிலும் வையுங்கள்.